அம்மாவுக்கு வேண்டியது நர்ஸா, துணையா?

கேள்வி: கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 79. போன மாதம் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஹோம் நர்ஸ் வைக்கலாம் என்றால், "எதுக்கு வீண் செலவு" என்கிறார். இன்ஷூரன்ஸில் கிடைக்குமா? அவர் பெயரில் வங்கியில் 15 லட்சம் இருக்கிறது. தங்கை திருச்சியில் இருக்கிறாள். - ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: அம்மாவுக்கு ஊசி, டியூப், புண்ணுக்குக் கட்டு ஏதாவது உண்டா? இல்லையென்றால் நர்ஸுக்கு என்ன வேலை? மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தர, குளித்துவிட்டு வரும்போது கை கொடுக்க, கோயிலுக்குக் கூடப் போக ஒரு ஆள் போதும். நர்ஸ் என்று கேட்டால் நர்ஸ் சம்பளம்தான் சொல்வார்கள்.

துணைக்கு வரும் ஆளின் சம்பளத்தை இன்ஷூரன்ஸில் எதிர்பார்க்காதீர்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத்தில் தரும் 5 லட்சமும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். எனவே கைக்காசு. அந்த 15 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றினால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 10,250. மீதியை நீங்களும் தங்கையும் பங்கு போட வேண்டியதுதான். வீட்டின் பேரில் மாதாமாதம் பணம் தரும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007 முதல் இருக்கிறது. கேட்டால் வங்கியிலேயே முழிக்கிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஏஜென்சியிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நாம் தருவதில் அந்தப் பெண் கைக்கு எவ்வளவு போகிறது? என் மாமியாருக்கு ஆள் வைத்தபோது மாதம் 22,000 கட்டினோம். வந்தவர் கைக்கு 14,000தான் போகிறது என்று இரண்டாம் மாதம்தான் தெரிந்தது. அடுத்த வாரமே அவர் நின்றுவிட்டார்.

பிறகு வந்தவரோ தன் தட்டு, டம்ளரோடு வந்தார். மாமியார் ஒரு வாரம் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. எட்டாம் நாள் தாயக்கட்டையை உருட்டி, "ம், நீ போடு" என்றார். உங்கள் அம்மாவின் 'வீண் செலவு' பேச்சும் அப்படித்தான். முதல் வாரம் லீவு போட்டு நீங்கள் கூட இருங்கள்.

அப்புறம், வருகிறவருக்கு மாதம் இரண்டு ஞாயிறாவது லீவு தர வேண்டும். அன்றைக்கு யார் என்று தங்கையிடம் இப்போதே பேசிவிடுங்கள்.