21 மாதமாகியும் மகன் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. மூன்று வயது வரை பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். குன்னூரிலிருந்து நீங்கள் எழுதியிருக்கும் கேள்வியைப் படித்தபோது, ஐந்தாண்டுகளுக்கு முன்பு கோத்தகிரிப் பக்கத்துக் கிராமமொன்றில் நான் கேட்ட கேள்வியை யாரோ திருப்பிக் கேட்பதுபோல் இருந்தது. என் மகனுக்கு இப்போது ஏழு வயது. இரண்டரை வயதில் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பகிர்வதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) என்று உறுதியானது. நான் மருத்துவர் அல்ல, தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஊரார் பிள்ளைகளை ஆண்டுதோறும் கவனித்துப் பழகிய கண்ணுக்குச் சொந்தப் பிள்ளை எப்படித் தப்பினான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், தவறு அங்கேதான். வீட்டில் படுக மொழி, வெளியில் தமிழ், தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்றிருப்பதால் குழந்தை குழம்புகிறான் என்று உறவினர் சொன்னார்கள். "ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அவன் மாமனே நாலு வயதில்தான் வாய் திறந்தான்" என்று மாமியார் தேற்றினார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை, பேச்சும் தடைப்படுவதில்லை என்பதை எனக்குப் பிறகுதான் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார்; நாங்கள் இயல்பாக எந்த மொழியில் கொஞ்சுவோமோ அதிலேயே அவனிடம் பேசச் சொன்னார்.

பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய ஒன்று அவனிடம் வரவில்லை என்பது ஒரு மாலையில் தெரிந்தது. வீட்டுக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை ஒன்று வந்து நின்றது. பக்கத்து வீட்டுக் குழந்தை, என் மகனைவிட இரண்டு மாதம் இளையவள், தன் அம்மாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, விரலை நீட்டி, எருமையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அப்போது பேச்சு வரவில்லை. என் மகன் அதே திண்ணையில், தகரக் கூரையின் விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீரை, ஒவ்வொரு சொட்டாக, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொட்டைக்கூட அவன் யாருக்கும் காட்டவில்லை.

ஆகவே உங்கள் மகன் எத்தனை சொல் பேசுகிறான் என்று எண்ணுவதைச் சற்று நிறுத்திவிட்டு, தான் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள முயல்கிறானா என்று பாருங்கள். ஒன்பது மாதத்தில் பெயருக்குத் திரும்புவது, ஓராண்டில் டாட்டா காட்டுவதுபோன்ற கையசைவுகள், 15 மாதத்தில் பிடித்த பொருளைக் கொண்டுவந்து காட்டுவது, 18 மாதத்தில் விரல் நீட்டிச் சுட்டுவது ஆகியவை பொதுவாக வந்துவிட வேண்டியவை. ஏதேனும் ஒன்று தாமதமானால் அதுவே ஆட்டிசம் ஆகிவிடாது; பல சேர்ந்து விடுபட்டால் பரிசோதனை வேண்டும். வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதாயினும் உடனே காட்டுங்கள்.

முதலில் செவிப் பரிசோதனை. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடிவருபவனுக்குக் காது கேட்காமலா இருக்கும் என்று நாங்கள் அதைத் தள்ளிப்போட்டோம். சில ஒலிகள் மட்டும் கேட்கும் குறைபாடும் உண்டு என்பதால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அசைவை அளக்கும் "பெரா" பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது. அத்துடன் ஆட்டிச அறிகுறிகள் உண்டா என்று பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகள், பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். அது சல்லடைதான், தீர்ப்பல்ல. எங்களுக்கு முதலில் பார்த்த மருத்துவர் அதைக் கொடுக்கவே இல்லை. குழந்தையை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூன்று வயதில் வரச் சொன்னார். அடுத்தவரிடம் போனபோது வீட்டில் எடுத்த வீடியோக்களைக் காட்டினேன். அழைக்கும்போது அவன் திரும்பாததும் பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருப்பதும் அதில் இருந்தன. நீங்களும் எடுத்துவையுங்கள்.

பயிற்சிக்காக வாரம் மூன்று முறை கோயம்புத்தூர் போனோம். மலையிறங்கும் வளைவுகளில் வாந்தியெடுத்து, சமவெளி வெயிலில் வாடி, அந்த அறைக்குள் அவன் நுழையும்போதே சோர்ந்திருப்பான். 45 நிமிடத்தில் பாதி அழுகையிலேயே போகும். இரண்டு மாதத்தில் பணமும் என் விடுப்பும் தீர்ந்தன. பிறகு மாதம் ஒருமுறை போய் நாங்கள் கற்றுக்கொள்வது, மீதி நாளெல்லாம் வீட்டில் செய்வது என்று மாற்றிக்கொண்டோம். இது ஏழையின் மாற்றுவழி அல்ல: கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, சிறப்பு வல்லுநர் அல்லாத பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி தந்தபோதும் பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையிலான பரிமாற்றம் மேம்பட்டதைக் காட்டியது.

வீட்டில் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவன் எதைப் பார்க்கிறானோ அதன் அருகில் அவன் முக உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "சொட்டு" என்று ஒரே சொல்லைச் சொல்வேன். பாலை முழுக்க ஊற்றாமல் ஒரு வாய் மட்டும் ஊற்றிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருப்பேன். (ஆசிரியைகளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.) முதலில் என் கையைக் கருவிபோல் பிடித்து இழுத்தான், சில வாரங்களில் குவளையைத் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். மூன்று வயது நெருங்கும்போது ஒரு மழைநாளில் கூரை விளிம்பை விரலால் காட்டிவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பேச்சு அதற்கு ஏழு மாதம் கழித்து வந்தது. இன்றும் சிறுசிறு வாக்கியங்கள்தான்.

அறிவுரைகள் நிறைய வரும். தடுப்பூசியால் வந்தது என்பார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிய, 12 குழந்தைகளை வைத்து 1998 இல் எழுதப்பட்ட மருத்துவக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010 இல் திரும்பப் பெற்றுவிட்டது. கைப்பேசியால் வந்த "வர்ச்சுவல் ஆட்டிசம்", நிறுத்தினால் சரியாகிவிடும் என்பார்கள். கைப்பேசியை நிறுத்துங்கள், ஆனால் அதன் பலனைப் பார்க்கவென்று பரிசோதனையை ஆறு மாதம் தள்ளாதீர்கள். ஸ்டெம் செல் ஊசியால் குணமாகும் என்று பல இலட்சம் கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். அம்மா வேலைக்குப் போவதால் வந்தது என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லக்கூடும். அதற்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி நெடுநாளாயிற்று.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டினால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள், அங்கே கட்டணமில்லை. ஆட்டிசம் உறுதியானால் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பெறலாம்; ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய்வரை தருகிறது. சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும் என்று நாங்கள் ஒன்றரை ஆண்டு தயங்கியதில் அந்தக் காப்பீட்டை இழந்ததைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை.

செவிப் பரிசோதனைக்குச் சமவெளிக்கு இறங்க வேண்டியிருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே தேதி வாங்கிவிடுங்கள். சாலையில் மண் சரிந்து ஒருமுறை தவறினால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் மார்கழி வந்துவிடும்; எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.