எச்-இன்டெக்ஸ் 14 உள்ள கணித ஆய்வாளரை விட 45 உள்ள மருத்துவ ஆய்வாளர் சிறந்தவரா?

இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண்தான் எச்-இன்டெக்ஸ்.

ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியலைத் தொகுப்பதுதான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் என் வேலை. சேர்ந்த புதிதில் எல்லாத் துறையினரையும் ஒரே அட்டவணையில் போட்டு, எச்-இன்டெக்ஸ் வரிசையில் அடுக்கி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். கணிதத் துறை மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். "எங்கள் கட்டுரை ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் ஒரு மருத்துவக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள்" என்றார், அவ்வளவுதான். கணிதக் கட்டுரையில் இருபது மேற்கோள்கள்கூட இல்லை. மற்றதில் எழுபதைத் தாண்டியது.

விஷயமே அங்கேதான். ஒரு துறைக்காரர்கள் எவ்வளவு மேற்கோள் கொடுக்கிறார்களோ, அதற்கேற்பத்தான் அவர்களுக்கு வரவும் இருக்கும். எச்-இன்டெக்ஸ் 45 என்றால், தலா 45 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 45 கட்டுரைகள் ஒருவரிடம் உள்ளன என்று அர்த்தம். 2005இல் இந்தக் கணக்கைக் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், அதே கட்டுரையிலேயே இயற்பியலில் முதலிடத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191 என்று காட்டியிருந்தார். ஆக, துறைக்குத் துறை எண் மாறும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த சங்கதி. படித்தவர்கள்தான் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டார்கள் (நானும்தான்).

மேற்கோள் அதிகம் என்றால் கண்டுபிடிப்பு பெரிது என்றும் இல்லை. புரதத்தின் அளவைக் கண்டறிய லௌரி குழுவினர் 1951இல் எழுதிய செய்முறைக் கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் பக்கத்தில்கூட வராது. செய்முறையைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவரும் அதைக் குறிப்பிட்டாக வேண்டுமே! இன்னொரு பக்கம், 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரே கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதன் மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். கணித அறிஞர் பெரெல்மானோ, கணிதத்தின் புகழ்பெற்ற புதிரான புவான்கரே கருதுகோளின் நிறுவலை 2002, 2003இல் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கும் ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்தில் போட்டதோடு சரி, எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அதே துறையில், ஏறக்குறைய அதே வருடங்களாக எழுதுகிறவரோடு ஒப்பிடுங்கள். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் துறை, வருடம், கட்டுரை வகை எல்லாவற்றுக்கும் ஈடுசெய்த ஓர் அளவு இருக்கிறது. அதில் 1 என்பது உலகச் சராசரி. நான்கைந்து கட்டுரைகளே உள்ளவருக்கு அதையும் நம்ப வேண்டாம். ஒரே கட்டுரை எண்ணைத் தூக்கிவிடும்.

அதற்கு முன்னால் பட்டியல் அவருடையதுதானா என்று பாருங்கள். மண்ணியல், பல் மருத்துவம், கணினி என மூன்று துறைகளிலும் கலக்கிய ஒருவரின் கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கத்தைப் பார்த்து ஒருமுறை அசந்து போனேன். விசாரித்தால், ஒரே பெயரில் மூன்று பேர்.