கேள்வி கேட்கப் பழகட்டும், ஆங்கிலம் வந்துவிடும்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் அங்கேயே லோரி ஓட்டுகிறார். மகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு டவுன் இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) முடித்திருக்கிறாள். வேல்ஸில் ஓர் அனைத்துலகத் தங்கும் பள்ளியில் இரண்டு ஆண்டு ஐ.பி. டிப்ளோமா (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அனைத்துலகப் படிப்பு) படிக்க முழு உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் போக வேண்டும். எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பி பிளஸ்தான், பேசத் தடுமாறுகிறாள். ஒருநாள்கூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. அனுப்பலாமா? அனுப்பினால் இந்த நான்கு மாதத்தில் என்ன செய்வது?

பதில்: அனுப்புங்கள், அம்மா. நானும் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் விடுதி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். உங்கள் மகளைப்போல வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு தவணைக்குள் பிடிபட்டுவிட்டது. அவர்களைப் பின்னால் இழுத்தது வேறு ஒன்று. புரியாததைப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அது அவர்கள் குற்றமில்லை. ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாதே, கண்ணை நிமிர்த்திப் பார்க்காதே என்று மரியாதை சொல்லி வளர்த்தது நாம்தான். அங்கே வகுப்பில் பதினைந்து, இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பல பள்ளிகளில் ஆசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். பாடத்தில் பாதி நேரம் பிள்ளைகள்தான் பேசுவார்கள். தலை குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஆசிரியர் அடக்கமான பிள்ளை என்று நினைப்பதில்லை. இவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றோ, ஆர்வமில்லை என்றோ நினைத்துக்கொள்வார். ஒரு மாதம் கழித்துப் புள்ளிகள் வரும்போதுதான் இரண்டு பக்கமும் திடுக்கிடும்.

அதனால் இந்த நான்கு மாதத்தில் டியூஷனுக்குச் செலவு செய்வதைவிட வாயைத் திறக்கப் பழக்குங்கள். பாஸ்போர்ட் எடுக்க ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும்போது நீங்கள் பின்னால் நில்லுங்கள், கவுண்டரில் அவள் பேசட்டும். வங்கியிலும் கிளினிக்கிலும் அப்படியே. தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியைப் படித்துவிட்டு, இரண்டே நிமிடம் உரக்கச் சொல்ல வேண்டும்: எழுதியவர் என்ன சொல்கிறார், அது அவருக்கு எப்படித் தெரியும், எதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஐ.பி.யில் எல்லோரும் படித்தாக வேண்டிய 'அறிவுக் கோட்பாடு' என்ற பாடம் முழுக்க 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்பதைச் சுற்றியே நடக்கிறது.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு பாடங்கள். வழக்கமாக மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளிகள், ஆக 42. அறிவுக் கோட்பாட்டுக்கும் 4,000 சொற்களுக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து 3. மொத்தம் 45, டிப்ளோமா கிடைக்கக் குறைந்தது 24 வேண்டும். இவற்றோடு கலை, உடலுழைப்பு, சமூகச் சேவை மூன்றும் கட்டாயம். அதற்குப் புள்ளி கிடையாது, ஆனால் செய்யாவிட்டால் டிப்ளோமாவும் கிடையாது. எந்தப் பாடம் ஹையர் என்பதை முதல் சில வாரங்களிலேயே முடிவு செய்யச் சொல்வார்கள். மருத்துவ எண்ணம் இருந்தால் வேதியியலையும் உயிரியலையும் ஹையரில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பொறியியல் என்றால் கணிதத்தில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' என்ற வகையை எடுக்கட்டும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். என் விடுதியில் நம் பக்கத்துத் தோட்டப் பையன் ஒருவன் இருந்தான். முதல் வரலாற்றுக் கட்டுரையில் ஒரு நூலின் இரண்டு பத்திகள் வரிக்கு வரி அப்படியே இருந்தன. காப்பி அடித்ததாக விசாரணை வந்தது. என் அறைக்கு வந்து அழுதான். "காப்பி அடிக்கல டீச்சர், ராத்திரி முழுக்க உக்காந்து மனப்பாடம் பண்ணி எழுதினேன்." அவன் சொன்னது உண்மை. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து, பழமொழியைச் சரியான இடத்தில் பொருத்தி எழுதினால் இங்கே ஏ கிடைக்கும், அது உழைப்பு. அங்கே அடுத்தவர் வரியை, யாருடையது என்று சொல்லாமல் எழுதினால், மனத்தில் இருந்து எழுதினாலும் திருட்டுதான். இறுதி மதிப்பீட்டுக்குப் போகும் கட்டுரையில் அது நடந்தால் டிப்ளோமாவே கைநழுவிப் போகலாம். போனில் இருக்கும் ஏ.ஐ. எழுதித் தரும் வரிகளுக்கும் இதே கதைதான். யாருடைய கருத்து, எந்த நூல், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டே படிக்கும் பழக்கத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அந்த 4,000 சொல் கட்டுரைக்கு அவள் தூரத்தில் பொருள் தேட வேண்டாம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டைச் சுற்றி மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்களை ஒரே இடத்தில் சேர்த்துக் குடியமர்த்தி, சுற்றிலும் வேலி போட்டார்கள். அதே 1960-இல்தான் அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சித் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுவதைப் பார்த்து, தொழிலாளர் பணத்தில் தோட்டம் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வேலிக்குள் வாழ்ந்தவர்கள் உங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) இன்னும் யாராவது இருப்பார்கள். போவதற்கு முன்பே அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைக்கட்டும். அந்தப் பள்ளியில் வேறு யாரிடமும் இல்லாத சான்று அவள் கையில் இருக்கும்.

பிரிவைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் வாரம் அழுவாள், நீங்களும் அழுவீர்கள். அது போகட்டும். நான் கவனித்தவரை கடினமான காலம் அதுவல்ல, தீபாவளியை ஒட்டி வருவது. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். தீபாவளிக்கு விடுமுறை இருக்காது. இங்கே எல்லோரும் புதுத்துணியில் எடுத்த படங்கள் போனில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்த வாரத்தில்தான் பிள்ளைகள் "வந்துவிடுகிறேன்" என்பார்கள். உடனே டிக்கெட் பார்க்காதீர்கள். விடுதிப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அவளே தன் விடுதியில் தீபாவளி வைக்கட்டும். முறுக்கு அச்சு ஒன்று பெட்டியில் போகட்டும்.

தினமும் பல தடவை பேசுவது அவளை அங்கே வேர்விட விடாது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கோடையில் பகல் ஒரு மணி, குளிர்காலத்தில் பன்னிரண்டு. மற்ற நாளில் ஒரு குரல் பதிவு போதும்.

ஓர் அறையில் மூன்று, நான்கு நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து இருப்பார்கள். துணி துவைப்பது, அறையைக் கூட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. தோட்டத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்பதை உணவுப் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். இறைச்சியும் பால் பொருள்களும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை, ஆகவே ஆட்டுப் பிரட்டலும் நெய்யும் வேண்டாம். நெத்திலிக்குத் தடையில்லை. சாம்பார் தூள், ரசத் தூள் கொடுங்கள். குளிர் உடுப்பை இங்கே வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். பழைய மாணவர்கள் விட்டுப்போனது விடுதியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். உபகாரச் சம்பளக் கடிதத்தில் விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்புறுதி, கைச்செலவு நான்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'முழு' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

எஸ்.பி.எம். சான்றிதழின் அசலை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு, உறுதி செய்யப்பட்ட நகலைக் கொடுத்தனுப்புங்கள். நாளை இங்கே அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தால் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) கேட்பார்கள், ஐ.பி. அதற்கு ஈடாகாது.

கடைசியாக, தமிழ். ஆறு பாடங்களில் ஒன்று தாய்மொழி இலக்கியமாக இருக்கலாம். அந்த மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் துணையோடு தானே படிக்கும் வழி ஐ.பி.யில் உண்டு; ஸ்டாண்டர்ட் லெவலில் மட்டும். தமிழில் அதை எடுத்தால், ஆங்கிலத்தை இலக்கியமாகப் படிக்காமல் இரண்டாம் மொழியாக, 'இங்கிலீஷ் பி' என்று எடுக்கலாம். பேசத் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். அறிவியலையோ வரலாற்றையோ ஆங்கிலத்தில்தானே எழுதப் போகிறாள். தமிழிலும், ஆங்கிலத்தில் எழுதும் அந்தப் பாடத்திலும் குறைந்தது 3 புள்ளி வாங்கினால் இருமொழி டிப்ளோமாவே கிடைக்கும். ஆனால் பள்ளி சம்மதிக்க வேண்டும், ஏற்பாட்டுக்கு அவர்களுக்குக் காலம் வேண்டும். இந்த வாரமே அவள் பெயரில், அவளே ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதி ஐ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கட்டும். பிழை இருந்தாலும் திருத்தாமல் அனுப்பச் சொல்லுங்கள். சம்மதம் வந்தால் இரண்டு ஆண்டில் ஒன்பது நூல்கள் படிக்க வேண்டியிருக்கும், அவற்றில் சில மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். அப்போது மறுபடி எழுதுங்கள். எந்த நூல்களைப் பெட்டியில் வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.