பாஸ்டன் படுகொலைப் படத்தைச் சாட்சியாகக் காட்டலாமா?

பாஸ்டன் நகர வெள்ளிக்கொல்லர் பால் ரிவியர் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பாஸ்டன் படுகொலைப் படத்தை, அன்று நடந்ததற்குச் சாட்சியாகச் செமினாரில் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிக் காட்டினால் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள். 1770 மார்ச் 5 இரவு, அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டார்கள்; ஆனால் நடந்தது பனிக்கட்டியும் தடியும் பறந்த தள்ளுமுள்ளு. படத்திலோ சிப்பாய்கள் வரிசை பிசகாமல் நின்று ஒன்றாகச் சுடுகிறார்கள், பின்னால் அவர்களின் அதிகாரி கேப்டன் பிரஸ்டன் வாளைத் தூக்கி உத்தரவு கொடுக்கிறார், போதாக்குறைக்குச் சுங்க அலுவலகத்தின் மேல் 'கசாப்புக் கூடம்' என்று ஒரு பலகை வேறு! வரைந்ததும் ரிவியர் இல்லை. ஹென்றி பெல்ஹாம் என்ற ஓவியரின் படத்தைப் பார்த்துச் செதுக்கிவிட்டார், பெல்ஹாம் கொதித்துப்போய்க் கடிதமே எழுதினார்.

ஆனால் பிரிட்டிஷாருக்கு எதிராக மக்கள் மனதை எப்படித் திருப்பினார்கள் என்று காட்ட இது அருமையான சான்று. மூன்று, நான்கு வாரத்துக்குள் விற்பனைக்கு வந்துவிட்டது, வழக்கு விசாரணை தொடங்கியதோ அக்டோபரில்தான். வீடுகளில் மாட்டியிருக்கும் இந்தப் படங்கள் உங்கள் கற்பனையைத் தூண்டிவிட்டிருக்கும் என்று சிப்பாய்களின் வக்கீல் ஜோசையா குவின்சி ஜூரியை எச்சரிக்க வேண்டியிருந்தது. பிரஸ்டனுக்கு விடுதலை, எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேருக்கும் விடுதலை. குவின்சியின் அந்த வாதத்தையும் படத்தையும் ஒரே ஸ்லைடில் வையுங்கள், அப்புறம் கேள்வி வந்தாலும் சமாளித்துவிடலாம்.