டிசம்பரில் அறுகம்பேயா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கோவளத்திலும் வர்க்கலையிலும் அலைச்சறுக்குப் பழகிய பிள்ளைகள் இப்போது இலங்கைக்கும் பாலிக்கும் டிக்கெட் பார்க்கிறார்கள். தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கேள்வி: நாங்கள் பாறசாலைக்காரர்கள். நண்பர்கள் நான்கு பேர் கிறிஸ்துமஸ் லீவில் இலங்கை அறுகம்பேக்குப் போய் சர்ஃபிங் படிக்கலாம் என்று மார்த்தாண்டத்தில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் ஆளுக்கு 15,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம். தங்க இடம், சர்ஃப் போர்டு, கோச் எல்லாம் அடக்கம் என்றார். டிசம்பரில் அங்கே ஒன்றும் இருக்காது என்று இப்போது ஒருவன் சொல்கிறான். பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'நான்-ரீஃபண்டபிள்', திருப்பித் தர முடியாது என்கிறார் ஏஜென்ட். கடை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில். எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

பதில்: அவன் சொல்வது சரிதான். அறுகம்பே இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவில் பக்கம் இருக்கிறது. அங்கே சீசன் ஏப்ரல் கடைசியில் சூடு பிடித்து அக்டோபரோடு முடிந்துவிடும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை நேராக அந்தக் கரையில்தான் வந்து விழும். பாதிக் கடைகளுக்குப் பூட்டு, கடலும் கலங்கிக் கிடக்கும். அதே டிசம்பரில் தெற்குக் கரையில் வெலிகம, மிதிகம, ஹிரிகெட்டிய எல்லாம் களைகட்டி நிற்கும். அங்கே சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஒரே தீவு, இரண்டு கரை, இரண்டு காலம். மேற்குக் கடற்கரையில் மழை கொட்டும்போது தூத்துக்குடி காய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத கணக்கா?

பொதுவாக அலை தேடிப் போகிற ஊர் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது மாதத்தை. ஓட்டல் விலை திடீரென்று பாதியாகத் தெரிந்தால் மகிழ்ச்சி வேண்டாம், காலண்டரைப் பாருங்கள்.

உங்கள் ஏஜென்ட் ஏமாற்றினார் என்று நான் உடனே சொல்ல மாட்டேன். கொழும்பிலிருந்து வந்த பட்டியலை அப்படியே வாசித்து விற்றிருக்கலாம். ஆகவே முதலில் சண்டை வேண்டாம். "அறுகம்பேயை வெலிகமவாக மாற்றித் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கும் அதுதான் லாபம். வெலிகம வளைகுடாவின் அடியில் மணல், புதிதாகப் படிக்கிறவன் விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. அறுகம்பேயில் 'மெயின் பாயிண்ட்' என்று சொல்லும் முக்கிய அலை இடம் பழகியவர்களுக்கானது. தூரமும் இருக்கிறது: கொழும்பிலிருந்து அறுகம்பே 300 கிலோமீட்டருக்கு மேல், வண்டியில் ஏழெட்டு மணி நேரம். ஐந்து நாள் பயணத்தில் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தால் கோச்சுக்கு மிஞ்சுவது மூன்று நாள். வெலிகம அதில் பாதித் தூரம்கூட இல்லை, எக்ஸ்பிரஸ் சாலையும் இருக்கிறது.

மறுத்தால்தான் அடுத்த படி. ரசீது தந்தாரா? பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்த ரசீதில் 'திருப்பித் தர முடியாது' என்று அச்சடித்திருக்கிறதா, அல்லது இப்போது வாயால் சொல்கிறாரா என்று பாருங்கள். 'சர்ஃபிங் கோச் அடக்கம்' என்று வாட்ஸாப்பில் அனுப்பியதை அழித்துவிடாதீர்கள், குரல் பதிவையும் சேர்த்து. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பல விஷயங்கள் அந்த ஒரு அழைப்பிலேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் நீங்கள் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியதில்லை. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் செய்த பெரிய உபகாரம் இது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பின் கடை எங்கேயோ, விவகாரம் எங்கே நடந்ததோ, அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது.

கேள்வி: வெலிகமயில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா? நம் ஊர் லைசென்ஸ் போதுமா?

பதில்: கொடுக்கக் கூடாது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அடகு வைக்க நமக்கே உரிமை இல்லை. நகலும் ரொக்க டெபாசிட்டும் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையை விட்டுவிட்டு நாலு எட்டு நடந்தால் அடுத்த கடை வரும்.

லைசென்ஸ் விஷயம் இன்னும் சிக்கல். பாறசாலையின் கேஎல் 19 ஆனாலும் மார்த்தாண்டத்தின் டிஎன் 75 ஆனாலும் உங்கள் ஆர்டிஓ வழியாக சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐடிபி, எடுக்க வேண்டும். 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். இலங்கையில் அது மட்டும் போதாது. கொழும்பில் உள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷனின் ஒப்புதலோ, அவர்கள் போக்குவரத்துத் துறையின் தற்காலிக அனுமதியோ வேண்டும். வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார், "நோ ப்ராப்ளம்" என்று சாவியை நீட்டுவார். போலீஸ் கேட்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்கும். மூன்று நாளுக்காக இவ்வளவு எதற்கு என்று தோன்றினால் ஆட்டோவில் போங்கள். அங்கே 'த்ரீவீல்' என்பார்கள். ஏறும் முன் வாடகையைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: டிராவல் இன்சூரன்ஸ் 600 ரூபாய்க்கு எடுத்துவிட்டேன். சர்ஃபிங் செய்து அடிபட்டால் கிடைக்கும்தானே?

பதில்: அந்த 'தானே'யில்தான் சங்கடம். பாலிசியின் முதல் பக்கத்தை மூடிவிட்டு, 'எக்ஸ்குளூஷன்ஸ்' பகுதியை எடுங்கள். சாகச விளையாட்டுகளுக்குப் பொறுப்பில்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். சிலவற்றில் பயிற்சியாளர் துணையோடு என்றால் உண்டு, சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டினால் உண்டு. கம்பெனிக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள்: "பயிற்சியாளர் மேற்பார்வையில் சர்ஃபிங் செய்யும்போது ஏற்படும் காயத்துக்கு இந்தப் பாலிசியில் இடம் உண்டா?" வருகிற பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் ஒரு பெண் சொன்னாள் என்பது நாளைக்கு எங்கும் செல்லாது.

இன்னொன்று, டிடக்டிபிள். அது 100 டாலர் என்று இருந்தால் முதல் 100 டாலர் உங்கள் பையிலிருந்துதான். பவளப்பாறையில் கால் கிழிந்து நாலு தையல் போடுவதெல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். குடித்திருந்தால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால், அப்புறம் பேச்சே இல்லை.

நியாயமான கோரிக்கையை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரைக் கேட்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன். கேரளக்காரர்களுக்குக் கொச்சியில், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இலங்கையில் அவசரம் என்றால் 1990. 'சுவ செரிய' என்ற இலவச ஆம்புலன்ஸ், இந்திய உதவியில் தொடங்கியது.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? ஃபாரக்ஸ் கார்டா, ரொக்கமா?

பதில்: வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வாங்கும் ஃபாரக்ஸ் கார்டில் இலங்கை ரூபாய் ஏற்றித் தருவதில்லை. டாலரை ஏற்றி அங்கே ரூபாயில் செலவழித்தால் நாணயம் மாற்றும் கட்டணம் ஒன்று நடுவில் விழும். ஆகவே கொஞ்சம் டாலர் நோட்டு, ஒரு டெபிட் கார்டு. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது, கிளம்பும் முன் ஆப்பில் போய்த் திறங்கள். மெஷினில் "இந்திய ரூபாயா, உள்ளூர்ப் பணமா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம். இந்திய ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின்காரன் வைத்ததுதான் விலை. யுபிஐ 2024 பிப்ரவரியில் இலங்கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கடற்கரை ரொட்டிக் கடையில் அதை நம்பி நிற்க வேண்டாம்.

கேள்வி: வாடகை போர்டில் கீறல் விழுந்தது என்று பணம் கேட்பார்களாமே?

பதில்: கேட்பார்கள், என்னிடமே கேட்டார்கள். தெற்குக் கரையில் ஒரு கடை. ஒரு மணி நேரம் அலையில் உருண்டுவிட்டுப் போர்டைத் திருப்பிக் கொடுத்தேன். கடைப் பையன் அதைக் குப்புறப் போட்டு, வால் பக்கம் விரலை ஓட்டி, அடியில் துடுப்பு மாதிரி நிற்கும் ஃபின்னுக்கு அருகில் நிறுத்தினான். பொரிகடலை அளவு ஒரு உடைசல். "மல்லி, டிங்" என்றான். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி, டிங் என்றால் போர்டில் விழும் உடைசல். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, அவனுக்கு இருபது இருந்தால் அதிகம். உடைசலின் ஓரம் பழுப்பேறி, உள்ளே காய்ந்த மணல். இன்றைக்கு உடைந்தது இப்படியா இருக்கும்? ஆனால் என்னிடம் போட்டோ இல்லை. 4,000 இலங்கை ரூபாய் கேட்டான், பேசிப் பேசி 2,000 கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து போர்டைக் கையில் வாங்கியதும் இரண்டு பக்கமும், மூக்கும், வாலும், ஃபின்னும் கடைக்காரர் கண்முன்னாலேயே வீடியோ எடுத்தேன். அதே பையன் தானாகவே, "இதோ, இங்கே ஒன்று பழையது" என்று காட்டித் தந்தான். புதிதாகப் படிப்பவர்கள் மேலே ஃபோம் வைத்த சாஃப்ட் டாப் போர்டே கேளுங்கள். அது எளிதில் உடையாது, தலையில் பட்டாலும் கொஞ்சம் தாங்கும். காலில் கட்டும் கயிற்றை இழுத்துப் பாருங்கள், நைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பாலிக்குப் போகிறேன். விசா தவிர வேறு வரி உண்டா?

பதில்: உண்டு. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 1,50,000 ரூபியா, ஒரு வருகைக்கு ஒரு தடவை. அரசின் தளத்தில் மட்டும் கட்டுங்கள். அதே மாதிரி முகப்பு போட்டு இரண்டு மடங்கு வாங்கும் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். இலங்கைக்குப் போக ஆன்லைனில் எடுக்கும் பயண அனுமதியான இடிஏவுக்கும் இதே எச்சரிக்கை.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. கொல்லங்கோட்டில் கடற்கரையிலேயே வளர்ந்தவள்தான். கயிறு கட்டித்தானே விடுகிறார்கள், போகலாமா?

பதில்: கயிறு போர்டு ஓடிப் போகாமல் இருக்க, உங்களுக்காக அல்ல. சித்திரையில் வெயில் அடிக்கும்போதே நம் கரையில் ஏறி வீட்டு வாசல்வரை வருகிற கள்ளக்கடலைப் பார்த்திருப்பீர்கள். தெற்கே வெகுதூரத்தில் கிளம்பும் அதே அலைப்பெருக்கைத் தேடித்தான் இவர்கள் உலகம் சுற்றுகிறார்கள். முதலில் குளத்தில் நீந்தப் படியுங்கள், அப்புறம் கோவளத்தில் நாலு வகுப்பு. நம் திருவனந்தபுரத்துக் கோவளத்தைச் சொல்கிறேன். நெட்டில் புக் செய்யும்போது சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளமும் சேர்ந்து வரும், அங்கேயும் சர்ஃபிங் பள்ளி உண்டு. போன வருடம் ஒரு வாசகர் அதற்குப் பணம் கட்டிவிட்டு, விழிஞ்ஞத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்.