வயதும் வேலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் ஊரில் நடவுக்கு வருவோர் எல்லாம் 50 வயதைத் தாண்டியவர்கள். விவசாயத்தில் வேலை பார்ப்போர் பங்கு கூடிவிட்டது என்கிறது அரசுக் கணக்கு. எது உண்மை? (தஞ்சாவூர் வாசகர்)

இரண்டும்தான். நாட்டின் வேலைவாய்ப்பில் விவசாயத்தின் பங்கு 2018-19-இல் 42.5 சதவீதம், 2023-24-இல் 46.1. ஊரடங்கில் ஊர் திரும்பியவர்கள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பெண்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்து, 2023-24-இல் 41.7 ஆனார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். சொந்த வயல், சொந்த மாடு. பால் சொசைட்டி அட்டை மாமியார் பெயரில் இருக்கும். விடியற்காலையில் கறந்து ஊற்றிவிட்டு வருவது மருமகள். அவள் கைக்குக் காசு வராவிட்டாலும் 'சம்பளமில்லாக் குடும்ப உதவியாளர்' என்று வேலையில் இருப்போர் பட்டியலில் சேர்ந்துவிடுவாள். ஆண்டில் 30 நாள் செய்தாலே போதும். கூலி நடவுக்கு வருவோரின் வயது வேறு கதை. பங்கு கூடியதை வைத்து, இளைஞர்கள் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள் என்று எழுதுவோரை நம்பாதீர்கள்.

இளைஞர் வேலையின்மை குறைந்துவிட்டதாம். என் மகன் வீட்டில்தானே இருக்கிறான்? (ஈரோடு வாசகி)

15 முதல் 29 வயதினரில் அது 17.8 சதவீதத்திலிருந்து (2017-18) 10.2 ஆகக் (2023-24) குறைந்தது உண்மை. ஆனால் எல்லா வயதினருக்குமான 3.2 சதவீதத்தைப் போல அது மூன்று மடங்கு. உங்கள் மகன் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வேலை தேடாமலும், கிடைத்தாலும் சேரத் தயாராக இல்லாமலும் இருந்தால், இந்தக் கணக்கில் வேலையற்றவரே அல்ல!

ஐ.டி. துறையில் 40 வயதுக்கு மேல் ஆபத்தா? (சென்னை வாசகர்)

ஆளை நிர்வகிப்பது மட்டுமே வேலையாக இருந்தால், ஆம்.

ஓய்வு வயதை உயர்த்தியது இளைஞர்களைப் பாதித்ததா? (மதுரை வாசகர்)

பாதித்தது. தமிழக அரசு 2020-இல் 58-ஐ 59 ஆக்கியது, 2021-இல் 60. 2020 மே 31-இல் ஓய்வு பெற வேண்டிய எழுத்தர் 2022 மே 31-இல்தான் நாற்காலியை விட்டார். இடைப்பட்ட ஈராண்டில் வயது முதிர்வு ஓய்வால் காலியாகும் இடங்கள் ஏறத்தாழ நின்றுபோயின. நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை அரசு 2021-இல் இரண்டு ஆண்டு தளர்த்தியது. விண்ணப்பிக்கும் தகுதி நீண்டது; காலியிடம் அதனால் ஒன்றுகூடக் கூடவில்லை.