அந்த வித்தைக்குப் பிசாசு எதற்கு?

கேள்வி: ராபர்ட் ஜான்சன் என்ற அமெரிக்க ப்ளூஸ் பாடகர், நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசிடம் தன் ஆன்மாவை விற்றுக் கிதார் வித்தையைப் பெற்றார் என்கிறார்களே? ஒழுங்காக வாசிக்கத் தெரியாமல் ஊரை விட்டுப் போனவர், ஆறே மாதத்தில் திரும்பி வந்து பெரிய வித்வான்களையே வாயடைக்க வைத்தாராம். 27 வயதில் மர்மமாக இறந்தும் போனார். பிசாசு இல்லையென்றால் இதையெல்லாம் எப்படி விளக்குவீர்கள்? 'உழைப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட வேண்டாம்.
— வாசகர், விருதுநகர்

பதில்: ஒரே வார்த்தையில் முடிக்கும் எண்ணம் எனக்கும் இல்லை. ஆனால் இந்தக் கதை எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் பிசாசுக் கதைகள் மீது எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. இந்தக் கதை, கற்றுக்கொண்ட மனிதரையும் அவருக்குக் கற்றுக்கொடுத்த மனிதரையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அதுதான் என் கோபம்.

நீங்கள் சொல்லும் 'ஆறே மாதம்' சன் ஹவுஸ் என்ற பாடகர் சொன்னது. அவர் ஒரு காலத்தில் பிரசங்கியாக இருந்து, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகையான ப்ளூஸுக்கு வந்தவர். 1930-ஐ ஒட்டி மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கே ராபின்சன்வில் பக்கம், பருத்தித் தோட்டத் தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவில் கூடிக் குடித்து ஆடும் இடங்களில் அவரும் வில்லி பிரவுனும் வாசிப்பார்கள். ஜான்சன் அப்போது இருபது வயதைத் தொடும் பையன். மவுத் ஆர்கன் நன்றாக வாசிப்பார். இவர்கள் ஓய்வெடுக்க எழுந்தால் போதும், அந்தக் கிதாரை எடுத்துத் தட்டிக்கொண்டிருப்பார். சத்தம் தாங்கவில்லை, அவனை நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஜனங்கள் புகார் செய்வார்களாம். ஒருநாள் பையனைக் காணவில்லை. திரும்பி வந்து வாசித்துக் காட்டியபோது கேட்டவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

ஹவுஸ் இதைச் சொன்னது 1960-களில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அத்தனை வருஷம் கழித்து நினைவிலிருந்து சொல்பவர் ஆறு மாதம் என்றால் அதைக் காலண்டரில் குறித்த கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஜான்சனின் வாழ்க்கையைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்கள், அந்த இடைவெளி ஒரு வருஷத்துக்கும் மேல், இரண்டை ஒட்டிக்கூட இருக்கலாம் என்கிறார்கள். இருபது வயதில், வேறு எதிலும் மனசு போகாமல் ஒரு வாத்தியத்தோடு கிடப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய காலம்!

அவர் எங்கே போனார் என்பதும் தெரிந்த விஷயம்தான். மிசிசிப்பியின் தெற்கே ஹேசல்ஹர்ஸ்ட், 1911-ல் அவர் பிறந்த ஊர். அதற்குப் பக்கத்தில் பியூரிகார்டில் ஐக் ஸிம்மர்மன் என்ற கிதார்காரர் இருந்தார். இசைத்தட்டு எதுவும் வெளியிடாதவர். அவர் வீட்டிலேயே ஜான்சன் தங்கிக் கற்றுக்கொண்டதை ஸிம்மர்மனின் குடும்பத்தார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியில் இரண்டு பேரும் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஊர் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்களாம். கல்லறைகள் மேல் உட்கார்ந்து வாசிப்பார்களாம். ஏன் அங்கே? தூக்கம் கெட்டது என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு மிஞ்சுவது ராத்திரிதான், வாசிக்கச் சத்தமில்லாத இடமும் வேண்டும்.

நள்ளிரவு, கல்லறை, கிதாரோடு இரண்டு பேர். அமானுஷ்யக் கதைக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. நடந்தது என்னவோ பாடம். ஒரு குரு தன் வீட்டில் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். உலகமெல்லாம் பிசாசின் பெயரைச் சொல்கிறது, ஐக் ஸிம்மர்மன் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? உங்கள் கேள்வியிலும் அவர் இல்லை.

சரி, நாற்சந்தி எங்கிருந்து வந்தது? டாமி ஜான்சன் என்று இன்னொரு ப்ளூஸ் பாடகர், 1928-ல் பிரபலமான இசைத்தட்டுகள் தந்தவர். ராபர்ட்டுக்கு உறவினர் அல்ல. நள்ளிரவுக்குச் சற்று முன் நாற்சந்தியில் போய் நில், ஒரு பெரிய கறுப்பு மனிதன் வந்து உன் கிதாரை வாங்கிச் சுருதி சேர்த்துத் தருவான், அப்புறம் உனக்கு எதுவும் வாசிக்க வரும் என்பது அவர் கதை. இதை அவருடைய அண்ணன் லெடெல் ஒரு ஆராய்ச்சியாளரிடம் சொல்லி, அது 1971-ல் புத்தகத்தில் வந்தது. ராபர்ட் பிசாசிடம் போயிருப்பார் என்பது போல ஹவுஸ் சொன்ன ஒரு பேச்சு 1966-லேயே அச்சாகியிருந்தது. இரண்டு பேரும் ஜான்சன். இரண்டு கதைகளும் ஒன்றாகிவிட்டன. 1980-களில் சினிமாவிலும் வந்த பிறகு யாராலும் பிரிக்க முடியவில்லை.

பிசாசிடம் விற்பது என்பதே அந்தக் காலத்து ப்ளூஸில் புதிதல்ல. ஆன்மாவைப் பிசாசுக்கு விற்றுவிட்டேன் என்று கிளாரா ஸ்மித் 1924-லேயே இசைத்தட்டில் பாடிவிட்டார், அப்போது ராபர்ட்டுக்கு 13 வயது. பீட்டி வீட்ஸ்ட்ரா என்ற பாடகர் 'பிசாசின் மருமகன்' என்று தன்னை விளம்பரம் செய்துகொண்டார். தேவாலயம் போகும் குடும்பங்களில் ப்ளூஸையே பிசாசின் பாட்டு என்றுதான் திட்டுவார்கள். திட்டிய பெயரையே பாடகர்கள் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். ராபர்ட்டும் சாத்தான் கதவைத் தட்டுவதாக ஒரு பாட்டு பாடினார், நரக நாய் துரத்துவதாக இன்னொன்று. அவற்றைக் கேட்டால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் மொத்தம் 29 பாட்டுகளில் பிசாசு வருவது ஒரு சிலவற்றில்தான். மீதியில் காதல், துரோகம், ரயில், கார், காமம், ஊர் ஊராக அலைவது.

ஊர் ஊராக அவரோடு சுற்றிய ஜானி ஷைன்ஸிடம், ஆன்மாவை விற்ற கதையை ராபர்ட் சொன்னாரா என்று பின்னாளில் கேட்டார்கள். அந்தப் பொய்யை என்னிடம் அவன் சொன்னதே இல்லை, சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே பொய்யன் என்றிருப்பேன் என்றார்.

இப்போது அந்த நாற்சந்திப் பாட்டுக்கே வருவோம். 'கிராஸ் ரோட் ப்ளூஸ்', 1936 நவம்பர் 27, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டலில் பதிவானது. இதில் பிசாசு எங்குமே இல்லை. நாற்சந்தியில் முழங்காலிட்டு அவர் கடவுளைக் கூப்பிடுகிறார், இரக்கம் காட்டு என்று கெஞ்சுகிறார். போகிற வண்டிகளை நிறுத்தப் பார்க்கிறார். ஒருவரும் நிறுத்தவில்லை. பொழுது சாய்கிறது. என் நிலைமையை வில்லி பிரவுனிடம் சொல்லுங்கள் என்கிறார்.

அது என்ன பயம் என்று 1936 மிசிசிப்பியில் இருந்த கறுப்பினத்தவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெரியாத ஊரில், இருட்டிய பிறகு, தனியாக ரோட்டில் நிற்கும் கறுப்பரை வேலையில்லாமல் திரிகிறார் என்று பிடித்துச் சிறைக்கும் கூலியில்லாத கடும் வேலைக்கும் அனுப்பச் சட்டத்தில் வழி இருந்தது. கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிலிட்டவர்களுக்குத் தண்டனை கிடைப்பதோ அபூர்வம். ராபர்ட்டின் தாயாருடைய முதல் கணவரே வெள்ளை நிலக்காரர்களோடு ஏற்பட்ட தகராறில் உயிருக்குப் பயந்து ஹேசல்ஹர்ஸ்டை விட்டு மெம்ஃபிஸுக்கு ஓடியவர். சின்ன வயதில் ராபர்ட் வளர்ந்ததில் ஒரு பகுதி அவர் வீட்டில்தான். மனிதர்களுக்குப் பயந்து கடவுளைக் கூப்பிட்ட பாட்டைப் பிசாசோடு பேரம் பேசிய பாட்டாக மாற்றிவிட்டார்கள். இதைவிட அநியாயம் ஒரு கவிஞனுக்கு வேறு என்ன செய்ய முடியும்?

மாற்றியவர்கள் யார்? கொலம்பியா நிறுவனம் 1961-ல் அவருடைய பழைய பதிவுகளைத் தொகுத்து ஒரு எல்பி இசைத்தட்டாக வெளியிட்டது. அமெரிக்க, ஆங்கிலேய வெள்ளை இளைஞர்கள் அதைக் கேட்டுக் கிறங்கிப் போனார்கள். அப்போது அவருடைய புகைப்படம்கூட வெளியாகியிருக்கவில்லை. அட்டையில் மேலிருந்து பார்ப்பது போல வரைந்த ஓவியம், முகம் தெரியாது. முதல் புகைப்படம் அச்சில் வந்ததே 1986-ல்தான். முகமும் ஊரும் உறவும் தெரியாத ஒரு குரல். அந்த வெற்றிடத்தில் பிசாசு வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு கிளார்க்ஸ்டேலில் 61-ம் எண் சாலையும் 49-ம் எண் சாலையும் சந்திக்கும் இடத்தில் கிதார் பொம்மைகளை வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். ரோஸ்டேல் என்ற ஊரோ, அந்த நாற்சந்தி எங்களுடையது என்கிறது.

இத்தாலிய வயலின் மேதை பாகனினிக்கும் இதே வதந்திதான். 1840-ல் இறந்தபோது கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யவே மறுத்தார்கள். ஆனால் அவர் பயிற்சி செய்தது எத்தனை மணி நேரம் என்று எழுதவும் ஐரோப்பாவில் ஆள் இருந்தார்கள். ராபர்ட்டுக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை.

உழைப்பு மட்டும்தானா என்று கேட்டீர்கள். இல்லை. அவருடைய காது அபூர்வமானது. பேச்சுச் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால், பேச்சையும் விடாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அதே பாட்டைச் சுரம் பிசகாமல் வாசிப்பார் என்று ஷைன்ஸ் சொல்லியிருக்கிறார். போல்கா வேண்டுமா, வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாட்டு வேண்டுமா, கேட்டதை வாசிப்பார். கூடப் பிறந்தவர் போல வளர்ந்த ஆனி ஆண்டர்சன், வெள்ளைக்காரப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் பாட்டுகளை அவர் ஆசையாகப் பாடியதை நினைவுகூர்ந்திருக்கிறார். இசைத்தட்டுகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்டதும் ஏராளம். அவருடைய 'லவ் இன் வெய்ன்' மெட்டுக்குப் பின்னால் லெராய் கார் என்ற ப்ளூஸ் பாடகர் இருக்கிறார். நரக நாய் பாட்டுக்குப் பின்னால் இன்னொரு ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ் இருக்கிறார். பியானோவில் இடது கை வாசிக்கும் துள்ளலான கீழ்ஸ்தாயி ஓட்டத்தைக் கிதாரில் கட்டை விரலுக்குக் கொண்டுவந்தார். மேல் தந்திகளில் மற்ற விரல்கள் வேறு கதை சொல்லும், குரல் அதற்குப் பதில் சொல்லும். முதன்முதலில் கேட்ட ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ், கூட வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டாராம். ஒருவர்தான்.

அப்படியானால் இதே இசைத்தட்டுகளைக் கேட்ட, இதே போல ராத்திரி முழுக்க வாசித்த மற்றவர்கள் ஏன் ராபர்ட் ஜான்சன் ஆகவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவரிடம் இருந்தது திறமை, அது எல்லோருக்கும் வராது. ஆனால் அந்தத் திறமை அவருடையது. வெள்ளைக்கார மேதை ஒருவரைப் பிறவி மேதை என்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த, அழகான கையெழுத்துள்ள, மூன்று நிமிஷ இசைத்தட்டுக்குள் அடங்கும்படி பாட்டைச் செதுக்கத் தெரிந்த ஒரு கறுப்பின இளைஞனுக்கு மட்டும் அதை வெளியிலிருந்து யாரோ கொடுத்திருக்க வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது?

மரணம். 1938 ஆகஸ்ட் 16, கிரீன்வுட் அருகே. பொறாமை பிடித்த கணவன் ஒருவன் விஸ்கியில் விஷம் வைத்தான் என்பது கூட இருந்தவர்கள் வழியாக வந்த செய்தி. 1968-ல் அவருடைய இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார்கள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் இருந்தது 'டாக்டர் இல்லை' என்பதுதான். பின்பக்கத்தில், சிபிலிஸ் நோயாக இருக்கலாம் என்று தோட்ட முதலாளி சொன்ன ஊகத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாள்கணக்கில் துடித்த ஒரு மனிதனை எந்த டாக்டரும் வந்து பார்க்கவில்லை. கணக்குத் தீர்க்கப் பிசாசு வந்தது என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியை யாரும் கேட்க வேண்டியதில்லை, இல்லையா? அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் கார்னெகி ஹாலில் பாட இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் அவரைத் தேடியிருக்கிறார். ஆள் இல்லை என்று தெரிந்து, மேடையில் அவருடைய இசைத்தட்டுகளை ஒலிக்க வைத்தார். அவர் பெயரில் இன்று மூன்று இடங்களில் கல்லறைக் கல் இருக்கிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' அன்றைக்கு இரண்டு முறை பதிவானது, இரண்டுமே இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகமும் குரலை அழுத்தும் இடமும் எங்கே மாறுகின்றன என்று கவனியுங்கள். ஒரு பாட்டைத் திருப்பிப் பாடும்போது அதை இன்னும் சரியாக்கப் பார்க்கும் ஒரு கலைஞரின் வேலை அதில் காது நிறையக் கேட்கும். அதன்பின் 'கம் ஆன் இன் மை கிச்சன்' கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், ஸிம்மர்மன் பற்றி இன்னும் பேசலாம்.